மூன்று செல்போன், ஒரே படம்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் பூமியைத் தோண்டித் தங்கம் எடுத்தார்கள். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அந்த வேலைக்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். 2001-ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். உள்ளே இறங்கி வேலை செய்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.

அந்த ஊரில் ஒரு தாத்தாவுக்கு எண்பது வயது நிறைந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடினார்கள். சாப்பாடு முடிந்தது.

"தாத்தா, சுரங்கத்துக்குள்ளே எப்படி இருக்கும்?" என்று பேத்தி கேட்டாள்.

தாத்தா பேச ஆரம்பித்தார். இரும்புக் கூண்டில் இறங்கியதைச் சொன்னார். உள்ளே அனலாகக் கொதித்ததைச் சொன்னார். பாறை வெடித்துச் சிதறியதில் கூட்டாளி ஒருவர் இறந்துபோனதைச் சொன்னார். வீட்டில் யாரிடமும் அதுவரை சொல்லாத கதை அது. முக்கால் மணி நேரம் பேசினார்.

மூன்று பேர் அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள். மூன்று மாதம் கழிந்தது. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் பேச்சு குழறிவிட்டது. இனி அந்தக் கதையை அவர் வாயால் கேட்க முடியாது. செல்போனில் இருப்பதுதான் மிச்சம்.

மூன்றிலும் ஒரு குறை

மகன் எதிரே நின்று படம் பிடித்திருந்தார். தாத்தாவின் முழு உருவமும் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் மின்விசிறி ஓடியது. குரல் இரைச்சலில் மங்கிவிட்டது.

பேத்தி தாத்தாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் போனில் குரல் தெளிவாக இருந்தது. ஆனால் படம் அடிக்கடி ஆடியது.

மருமகள் வேறு பக்கம் போனைத் திருப்பியிருந்தார். கதை கேட்டவர்களின் முகங்கள் அதில் இருந்தன. பாட்டியின் முகமும் இருந்தது.

மூன்றையும் சேர்த்தால் ஒரு நல்ல படம் கிடைக்கும். வீடியோ கடையில் கேட்டார்கள். கடைக்காரர் சொன்ன கூலி அவர்கள் கையில் இல்லை. மருமகள் அண்மையில்தான் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் மகளிடம் கேட்டார்: "ஏம்மா, கடைக்காரர் கம்ப்யூட்டரில்தானே செய்கிறார்? உன்னிடமும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே. நாமே செய்தால் என்ன?"

மகளிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. கல்லூரிப் படிப்புக்காக வாங்கியது.

மென்பொருள் என்ன செய்கிறது?

கம்ப்யூட்டர் ஒரு கருவி. அதற்குள் இருந்து வேலை செய்ய வைப்பது மென்பொருள். கணக்கு எழுத ஒரு மென்பொருள் உண்டு. படத்தை வெட்டி ஒட்டவும் மென்பொருள் உண்டு.

பல கேமரா படங்களைச் சேர்ப்பதில் மூன்று வேலைகள் உள்ளன.

முதல் வேலை, பொருத்துவது. மூன்று போன்களையும் ஒரே நொடியில் ஆரம்பித்திருக்க மாட்டார்கள். ஒன்று முந்தியிருக்கும். ஒன்று பிந்தியிருக்கும். தாத்தா 'கூண்டு' என்று சொல்லும் இடம் மூன்றிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். இதற்கு ஒலிதான் அடையாளம். நல்ல மென்பொருள் மூன்று போன்களின் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். தானே வரிசையாக வைத்துவிடும்.

இரண்டாவது வேலை, தேர்ந்தெடுப்பது. மூன்று படங்களும் சிறு சிறு கட்டங்களாகத் திரையில் ஒன்றாக ஓடும். எந்தக் கட்டம் வேண்டுமோ அதைத் தொட்டால் போதும். அந்த இடத்தில் படம் மாறிவிடும். இந்த வசதிக்கு 'மல்டிகேம்' என்று பெயர்.

மூன்றாவது வேலை, ஒரே ஒலியை வைப்பது. படம் மாறலாம். குரல் மாறிக்கொண்டே இருந்தால் காதுக்கு உறுத்தும். எது தெளிவோ அந்த ஒலியையே முழுவதும் வைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடையில் அரிசி வாங்கும்போது என்ன செய்கிறோம்? கையில் அள்ளிப் பார்க்கிறோம். விலை கேட்கிறோம். மென்பொருளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: மல்டிகேம் வசதி உண்டா? எல்லா மென்பொருளிலும் இது இருக்காது. செல்போனில் வேலை செய்யும் கைன்மாஸ்டர் போன்றவற்றில் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்கலாம். கையால் வெட்டலாம். இரண்டு மூன்று நிமிடப் படத்துக்கு அது போதும். முக்கால் மணி நேரப் படத்துக்குக் கண்ணும் கையும் சோர்ந்துவிடும். அதற்குக் கம்ப்யூட்டர் நல்லது.

இரண்டாவது கேள்வி: ஒலியைக் கேட்டுத் தானாகப் பொருத்துமா? இல்லையென்றால் நாமே ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: நம் கம்ப்யூட்டர் தாங்குமா? மூன்று படங்களை ஒன்றாக ஓட்டுவது பாரமான வேலை. பழைய கம்ப்யூட்டர் திணறும். சில மென்பொருள்களில் இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய படத்துக்குச் சிறிய நகல் ஒன்றை அதுவே எடுக்கும். அதை வைத்து நாம் வேலை செய்யலாம். கடைசியில் பெரிய படத்திலிருந்தே முழுப் படம் தயாராகும். இந்த நகலுக்கு 'பிராக்ஸி' என்று பெயர்.

நான்காவது கேள்வி: விலை என்ன? ஒரு முறை கட்டும் விலையா, மாதா மாதம் கட்டணமா? இலவசம் என்று சொல்லிவிட்டுப் படத்தின் மேல் தன் முத்திரையைப் பதிக்கிறதா?

சில மென்பொருள்கள்

கேடன்லைவ்: இது முழுக்க இலவசம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து செய்தது. யாரும் பயன்படுத்தலாம். நகல் எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். படத்தில் முத்திரை விழாது. ஒலியை வைத்துப் பொருத்தும். மல்டிகேம், பிராக்ஸி இரண்டும் உண்டு.

டாவின்சி ரிசால்வ்: சினிமாக்காரர்களும் பயன்படுத்துவது. இலவசப் பதிப்பு, விலைப் பதிப்பு என்று இரண்டு உண்டு. இலவசப் பதிப்பிலேயே மல்டிகேம் இருக்கிறது. வீட்டுப் படத்துக்கு அதுவே தாராளம். ஆனால் இதற்கு வலுவான கம்ப்யூட்டர் தேவை. 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது.

அடோபி பிரீமியர்: பல வீடியோ கடைகளில் இருப்பது. எல்லா வசதியும் உண்டு. ஆனால் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டும். வருடத்தில் ஒரு படம் செய்கிற வீட்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

ஃபைனல் கட் புரோ: ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டருக்கானது. 64 கேமராக்கள் வரை சேர்க்கும். ஒரு முறை விலை கொடுத்து வாங்கலாம். மேக் இல்லாதவர்களுக்கு இது பயன்படாது.

முன்பு பல வீடுகளில் விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது. அதைக் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் எதையாவது இறக்கினால் அது போலியாக இருக்கலாம். கவனம் தேவை.

திருட்டு நகல் வேண்டாம்

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தான். "விலை உயர்ந்த மென்பொருள், பூட்டை உடைத்து வைத்திருக்கிறேன், சும்மா போட்டுக்கொள்ளுங்கள்" என்றான்.

மருமகள் யோசித்தார். "பூட்டை உடைத்தவன் உள்ளே எதை வைத்தான் என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். திருட்டு நகலோடு வைரஸ் வரலாம். கம்ப்யூட்டரில் உள்ள படங்களையெல்லாம் அது அழித்துவிடலாம். தாத்தாவின் குரலும் போயிருக்கும். இலவசமாகவே நேர்மையான மென்பொருள் கிடைக்கும்போது திருட்டு எதற்கு? மென்பொருளை அதைச் செய்தவர்களின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்க வேண்டும்.

அவர்கள் செய்த விதம்

முதல் வேலையாக மூன்று படங்களையும் நகல் எடுத்தார்கள். ஒரு நகலைப் பென் டிரைவில் வைத்து, பீரோவில் பூட்டினார்கள். மூலப் படத்தைக் கடைசி வரை தொடவில்லை.

முதலில் டாவின்சி ரிசால்வைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான். படம் நின்று நின்று ஓடியது. பிறகு கேடன்லைவைப் போட்டார்கள். பிராக்ஸியோடு அது சீராக ஓடியது. இரண்டும் இலவசம் என்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

ஒரு சிக்கல் வந்தது. ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒத்துப் போயின. முடிவில் விலகிவிட்டன. காரணம் இதுதான். வீடியோ என்பது ஓடும் படம். ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் வேகமாக மாறுகின்றன. செல்போன்கள் இந்த எண்ணிக்கையை ஒரே சீராக வைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் குறைக்கும், கூடினால் கூட்டும். படம் நீளமாக இருந்தால் வித்தியாசம் பெரிதாகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இந்த எண்ணிக்கையைச் சீராக்கித் தரும். படங்களின் நகலை அதில் சீராக்கினார்கள். பிறகு கேடன்லைவில் மறுபடி பொருத்தினார்கள். சரியாகிவிட்டது.

பேத்தி போனின் ஒலியை முழுவதும் வைத்தார்கள். மற்ற இரண்டின் ஒலியை அடக்கினார்கள். பிறகு படத்தை ஓட்டி, இடம் பார்த்துக் கோணத்தை மாற்றினார்கள்.

நண்பர் இறந்ததைச் சொல்லும் இடத்தில் தாத்தா பேச்சை நிறுத்தியிருந்தார். அரை நிமிடம் மௌனம். "இதை வெட்டிவிடலாம், ஒன்றும் இல்லையே" என்றார் மகன்.

"வேண்டாம். அவர் பேசாததும் கதைதான்" என்றார் மருமகள். அந்த இடத்தில் மூன்றாவது போனின் படத்தை வைத்தார்கள். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைப்பது அதில் இருந்தது.

ஆளின் சொல்லை வெட்டி மாற்றினால் பொருளே மாறிவிடும். கோணத்தை மாற்றலாம். சொன்னதை மாற்றக் கூடாது.

படம் முடிந்தது. தாத்தாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். அவர் முழுவதும் பார்த்தார். பேச முடியவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை படம் பிடிக்கும்போது

எல்லாப் போன்களையும் ஓடவிட்டபின் ஒருவர் பலமாக ஒரு கை தட்டுங்கள். அந்த ஒலி பொருத்துவதற்கு உதவும். இடையில் போனை நிறுத்தாதீர்கள்.

ஒரு போனையாவது பேசுபவர் அருகில் வையுங்கள். மின்விசிறியை விட்டுத் தள்ளி வையுங்கள்.

எல்லாப் போன்களையும் படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஒரே அளவில் படம் எடுக்கும்படி வையுங்கள்.

போனில் போதிய இடமும் சார்ஜும் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில், ஊரில் யாருடைய கதையைப் பதிவு செய்ய வேண்டும்?
2. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் எவை?
3. மூலப் படத்தை ஏன் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும்?
4. மௌனத்தை வெட்ட வேண்டாம் என்று மருமகள் ஏன் சொன்னார்?