பங்கு வளரும்போது

பங்கு வளர்வது இறைவன் தரும் கொடை. ஆயினும், குடும்பங்கள் பெருகப் பெருகக் கவனிப்பாரற்ற வீடுகளும் பெருகுகின்றன. இஃது இன்று தோன்றிய குறையன்று. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் விடுபட்டனர் என்று எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முணுமுணுத்தனர் (திருத்தூதர் பணிகள் 6).

திருத்தூதர்கள் அவர்களை அதட்டவில்லை. அப்பணியைத் தாமே சுமக்கவும் முற்படவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை மக்களிடமே விட்டனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே! குறை கூறியவர் தரப்பிலேயே பணியாளர் கிடைத்தனர் போலும்.

வளரும் பங்கின் குருக்களுக்கு இதில் பாடம் உண்டு. குறை கூறுவோரை எதிரிகளாக எண்ணலாகாது. விடுபட்ட வீட்டைக் காட்டுவோர் அவர்களே. பணத்தைத் தனியே கையாளலாகாது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருத்தல் வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் (537) கட்டளை. கோவில் கட்டும் காலத்தில் கணக்கை மக்கள் அறியச் செய்தால், ஐயம் முளையிலேயே கருகிவிடும்.

வீடு சந்திப்பை மட்டும் பிறரிடம் முழுதும் விட்டுவிடலாகாது. நோயுற்றோரையும் புதிதாகக் குடிவந்தோரையும் அன்பியப் பொறுப்பாளர் அறிவிக்கலாம். அவர்தம் வாசற்படி ஏறவேண்டியவர் குருவே.

பங்கு மக்களே, குருவிடம் குறையோடு வாருங்கள். எழுவரைப் போல் தோள் கொடுக்கவும் வாருங்கள். பணியைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் கடமை ஆயனுக்கே உரியது.