தானே ஓயும் எஞ்சின்

சந்தியிலே சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்துகின்றோம். எஞ்சினும் உடன் ஓய்ந்துவிடுகின்றது. பிறேக்கிலிருந்து காலை எடுத்ததும் மீண்டும் இயங்குகின்றது. புதிய மோட்டார் வண்டிகள் பலவற்றிலுள்ள இவ்வொழுங்கினை வியப்போர் சிலர், வெறுப்போர் பலர். வெறுப்போர் அதனை நீக்கக் கைக்கொள்ளும் வழிகளுட் சில வண்டிக்கே கேடு விளைப்பன. ஆதலின் இதுபற்றிச் சிறிது ஆராய்தல் நன்று.

நின்ற வண்டியில் ஓடும் எஞ்சின் பெற்றோலை வீணே எரிக்கின்றது. அவ்வீணைத் தவிர்த்தலே இவ்வொழுங்கின் நோக்கமாம். இது புதிய எண்ணமன்று. 1980ஆம் ஆண்டுகளிலேயே போலோ, ஃபியட் ரெகாட்டா ஆகிய வண்டிகளின் சில வகைகளில் இஃது இடம்பெற்றது. நம் நாட்டில் மிகுதியாக ஓடும் யப்பானிய வகன் ஆர் வண்டியின் 2012ஆம் ஆண்டு வகையிலோ, வண்டி முற்றாக நிற்குமுன்னரே, வேகம் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் குறைந்ததும் எஞ்சின் ஓய்வதுண்டு.

இதனை வெறுப்போர் கூறும் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. குளிரூட்டியை எஞ்சினே இயக்கும் வண்டிகளில், எஞ்சின் ஓயக் குளிரும் குறையும். எதிரே வரும் வண்டிகளுக்கிடையே வலப்புறம் திரும்பக் காத்திருப்போருக்குக் கணநேரத் தாமதமும் அச்சந் தரும். இவற்றினும் பெரிய ஆபத்தொன்றுண்டு: ஓசையின்மையால் எஞ்சினை நிறுத்திவிட்டதாக மயங்கி, கியரை மாற்றாமலே சாரதி இறங்கிவிடலாம்.

வேண்டாதார் செய்யத்தக்கது எளிது. சாரதியின் முன்னுள்ள பலகையில், 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை வளைந்த அம்பு சூழ்ந்த பொத்தான் பெரும்பாலும் காணப்படும். அதனை அழுத்தின் ஒரு விளக்கு எரியும், ஒழுங்கு செயலற்றுவிடும். எனினும் அடுத்தமுறை எஞ்சினை இயக்கும்போது அது பெரும்பாலான வண்டிகளில் மீண்டும் செயற்படும். எரிபொருட் செலவையும் புகையையும் அளக்கும் சோதனைகள் இவ்வொழுங்கு செயற்படும் நிலையிலேயே நிகழ்வதால், வண்டி செய்வோர் அவ்வாறு அமைத்துள்ளனர். ஆகவே ஒவ்வொரு முறையும் அழுத்துதல் வேண்டும். தன்னியக்கக் கியருள்ள சில வண்டிகளில், நிறுத்தும்போது பிறேக்கை மெல்ல மிதித்தாலும் எஞ்சின் ஓயாது.

செய்யத்தகாதன இரண்டு. பற்றரியின் எதிர்முனையிலுள்ள உணர்கருவியின் இணைப்பைச் சிலர் கழற்றிவிடுகின்றனர். பற்றரிக்குள் செல்லும், வெளிவரும் மின்னோட்டத்தை அளப்பது அக்கருவியே. அதனைக் கழற்றின் மின்னேற்றும் முறையும் பிழைபடும். வேறு சிலர், விலை குறைவென்று சாதாரண பற்றரியைப் பூட்டுகின்றனர். அடிக்கடி எஞ்சினை இயக்கும் சுமையை அது தாங்காது; விரைவிற் கெட்டு இருமுறை செலவு வைக்கும். இவ்வண்டிகளுக்குரிய யப்பானியப் பற்றரிகள் எம்-42, கியூ-85 போன்ற குறிகளைத் தாங்கியிருக்கும். பொத்தானை அழுத்தியே ஓட்டுவோரும் அவ்வகைப் பற்றரியையே வாங்குதல் வேண்டும்.

இன்னுமொன்று. பொத்தானை அழுத்தாதபோதும் எஞ்சின் ஓயாதிருக்குமாயின், தொல்லை தீர்ந்ததென மகிழ்தல் கூடாது. எஞ்சின் போதிய சூடேறாதபோதும், குளிரூட்டி கடுமையாக வேலை செய்யும்போதும் அவ்வாறு நிகழ்தல் இயல்பே. பலநாள் தொடரின், பற்றரி தளர்ந்துவிட்டதென்பதற்கு அஃது அறிகுறியாகலாம். நெடும்பயணத்திடையே வண்டி அசைய மறுக்குமுன் பற்றரியைச் சோதிப்பித்தல் அறிவுடைமையாகும். வேண்டாத ஒழுங்கெனினும் அதன் குறிப்பை அறிந்தோர்க்கு அதுவே நல்ல எச்சரிக்கையாம்.