மக்காச்சோளமும் சுண்ணாம்பும்

மெக்சிக்கோ நாட்டில் தெருமுனைகளிலும் சந்தைகளிலும் அடுப்பு எரிகிறது. தோசைக்கல் போன்ற 'கோமால்' தட்டில் 'தோர்த்தியா' எனும் மக்காச்சோள அடை வேகிறது. அதில் இறைச்சியோ பயறோ வைத்து, வெங்காயமும் கொத்துமல்லியும் தூவி, மிளகாய்ச் சாறு வார்த்து மடித்துத் தருவதே 'தாக்கோ'. நின்றபடியே கையால் உண்பர். திருநாட்களில் வீட்டார் கூடி, அரைத்த மாவை மடலில் பொதிந்து 'தமால்' அவிப்பர். நம் மிளகாயும் அந்நாட்டு மண்ணிற் பிறந்து, போர்த்துகீசியர் வழியே நம்மிடம் வந்ததுதான்.

இவ்வெளிய அடையில் ஓர் அரிய நுட்பம் உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவித் தோல் நீக்கியே அரைப்பர். முன்னாளில் அரைத்த 'மெத்தாத்தே' கல், நம் அம்மிக்கு உடன்பிறப்பு எனலாம்.

ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பு முறையை விட்டுச் சென்றனர். விளைவு என்ன? மக்காச்சோளமே உணவான ஏழைகளிடையே 'பெல்லாக்ரா' நோய் பரவிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் மக்கள் வாடினர்; பல்லாயிரவர் மாண்டனர். 1937இல்தான் நயாசின் எனும் உயிர்ச்சத்து அந்நோயைத் தீர்க்கும் எனக் கண்டனர். தானியத்தில் கட்டுண்டிருக்கும் அச்சத்தை உடல் ஏற்குமாறு விடுவிப்பது சுண்ணாம்பே.

2010இல் யுனெஸ்கோ அந்நாட்டு மரபுச் சமையலை மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

ஊர்விட்டு வந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். பண்டம் சரக்கு வண்டியில் வந்து சேரும். பக்குவமோ மனிதரோடுதான் வரும். நம் பாட்டிமாரின் கைப்பக்குவத்தை, காரணம் விளங்காவிடினும், கேட்டறிந்து நம் மக்களுக்குக் கற்பிப்போமாக.