சாமி காலண்டர்: முகமும் தங்கமும்

தென்மாவட்ட வீடுகளின் சாமி காலண்டருக்கு முகம் வரைந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976). அச்சிட்டுப் பரப்பியது சிவகாசி.

கிட்டே வந்து பாருங்கள். கன்னத்தில் நிழல் இழைந்து, முகம் நம் வீட்டுப் பிள்ளை முகமாகத் திரள்கிறது. நகையோ கல் கல்லாக எண்ணும்படி முன்னால் நிற்கிறது. வியன்னாவில் ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1907இல் முடித்த அடேல் பிளாக்-பாவர் உருவப்படத்திலும் முகமும் தோள்களும் கைகளும்தான் சதை. சுற்றிலும் தங்கக் கோலம். அதை வியப்பவர்கள் இதை மலிவு அச்சு என்று ஒதுக்குவது அநியாயம்.

கிளிம்ட் ஒட்டியது அசல் தங்க ரேக்கு. ஆப்செட் காலண்டரின் கிரீடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: தங்கமே இல்லை. மஞ்சள், ரோஸ், நீலம், கருப்பு மைப் புள்ளிகள்தான் அப்படி மின்னுகின்றன.