ஊதா வெளுக்கும் வேகம்

கிரிஸ்டல் வயலட் சாயக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்தால், ஆழ்ந்த ஊதா மெல்ல வெளிறி நிறமற்றுப் போகும். ஹைட்ராக்சைடு அயனி சாய மூலக்கூறின் நடுக் கார்பனில் போய் ஒட்டிக்கொள்வதே காரணம். எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது? 590 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, உறிஞ்சல் அளவை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தால் தெரியும். நீர்த்த கரைசலில் உறிஞ்சல் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கரைசலைத் தொடவே வேண்டாம்.

அழகான தந்திரம் இனிமேல்தான். காரத்தைச் சாயத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகம் சேர்த்தால், அதன் செறிவு ஏறக்குறைய மாறாது. அப்போது உறிஞ்சலின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் இறங்கும் நேர்கோடு கிடைக்கிறது: சாயத்தைப் பொறுத்து இது முதல் வகை வினை, அதாவது வேகம் சாயத்தின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கோட்டின் சரிவிலிருந்து வேக மாறிலி வந்துவிடும். காரத்தை இரட்டித்தால் சரிவும் இரட்டிக்கிறது. ஆகவே காரத்தைப் பொறுத்தும் முதல் வகைதான்.