சேற்றுப்புண்ணா? சர்க்கரை இருந்தால் உஷார்!

நடவுக்குப் போகும் என் மாமியாருக்கு மழைக்காலத்தில் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். மருதாணி இலையோடு மஞ்சள் அரைத்துப் போடுவார், அரிப்பு அடங்கும்.

போன ஐப்பசியில் அடங்கவில்லை. "சுடுதண்ணியில உப்பு போட்டுக் காலை வெச்சா சரியாப் போயிடும்" என்று வைத்துவிட்டார். என்னால் கை வைக்க முடியாத சூடு. அவருக்கோ தெரியவே இல்லையாம்! மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம்.

"சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கு. சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. அரிப்பு நின்னாலும், சொன்ன நாள் வரை களிம்பு தடவணும்" என்றார் டாக்டர். கொப்புளம் ஆற இரண்டு மாதமாயிற்று.

இப்போது கால் கழுவியதும் விரல் இடுக்கில் ஈரமில்லாமல் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுகிறேன்.

சகோதரிகளே! கைவைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் காலில் எதையும் செய்யுமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.