தர்மதுரையும் தோட்டத்து டிரஸ்ஸரும்

ஜுருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது ‘தர்மதுரை’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா மகன் மருத்துவம் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறான். “மாமா, அந்த மாதிரி ஒரு டாக்டர் வந்துட்டா ஏழைச் சனத்துக்குப் போதாதா?” என்று கேட்டான். தே தாரேக் ஆறும் வரை அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2016இல் வந்த படம். இயக்கம் சீனு ராமசாமி. மதுரை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் காமராஜ் தன் மாணவர்களிடம், படித்து முடித்துக் கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியம் பாருங்கள் என்கிறார். நடிகர் ராஜேஷ் அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார். விஜய் சேதுபதியின் தர்மதுரையோ உடன்பிறந்தவர்களின் வரதட்சணை ஆசையால் காதலித்த பெண்ணை இழந்து, குடியில் விழுந்து, மெல்ல எழுந்து மறுபடி வைத்தியத்துக்கு வருகிறான். சேவை செய்கிறவனைத் தெய்வமாக்காமல் அடிபட்ட மனிதனாகக் காட்டியதால் எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் படத்துக்கு ஒரு நாயகன் போதும். ஒரு ஊரின் உடம்பு தேற அது போதாது.

நம் மலேசியத் தோட்டங்களையே பாருங்கள். ஜுருவில் இன்று ஆட்டோ சிட்டியும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் பழைய தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பர் காலத்துத் தோட்டங்களில் பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் டாக்டர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல்காரரைப் பார்ப்பது, யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது, எல்லாம் அவர் தலையில். வீட்டிலிருந்து கழுவி எடுத்துப்போன போத்தலில் மருந்துத் தண்ணீரை ஊற்றி, பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டை ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அளவு தவறாமல் பிள்ளைக்கு ஊட்டிவிடுவாள். 1965இல்தான் இந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது.

அதற்கும் முன்னால் காய்ச்சலே தோட்டங்களைக் காலி செய்த காலம் ஒன்று உண்டு. 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்தபோது அவருக்கு வயது 27. ஊரெங்கும் மலேரியா. அந்த ஆண்டு திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தைச் சில மாதங்களிலேயே மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது நிலைமை. கொய்னா கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் அவர் ஆயுள் முழுக்கக் கொடுத்திருக்கலாம். அவர் சதுப்பை வடிக்கச் சொன்னார். காடு வெட்டிக் கால்வாய் தோண்டியதும் கிள்ளானில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது. கடலோரத் தாழ்நிலத்தின் கொசு நிழலான சதுப்பில் முட்டையிடும் வகை. மலையடிவாரத்துக் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே அங்கே ஓடையைக் குழாய் வழியே மண்ணுக்கடியில் விட்டார்கள், நீரில் எண்ணெய் தெளித்தார்கள். எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று சேற்றில் இறங்கிப் பார்த்த பிறகு கிடைத்த வைத்தியம் இது. அதற்காக மண்வெட்டி பிடித்த கைகளில் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. புகழ் வாட்சனுக்குப் போனது. அவருக்கு அது தகும். மண்வெட்டி பிடித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

தர்மதுரை மாதிரி நிஜத்தில் யாராவது உண்டா என்றால், தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கியைக் காட்டுவேன். ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி 1993இல் ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிரசவம் பார்க்கவும் காய்ச்சலை அடையாளம் காணவும் பழக்கினார்கள். பின்னாளில் உழவர்களைச் சேர்த்து இயற்கை வேளாண்மை வரை போனார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. ஊர்க்காரப் பெண்ணைத் தாதியாக்கியதுதான் அவர்கள் செய்த ஆகப் பெரிய காரியம் என்பேன். டாக்டர் ஊரை விட்டுப் போகலாம், அவள் போகமாட்டாள்.

இங்கே மலேசியாவில் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பெரிய வரம் அது. ஆனால் 2016இல் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள்; 2021 ஜூலை 26 அன்று அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவனிடம் போய், கிராமத்திலேயே இரு என்று சொல்ல எந்தப் பேராசிரியருக்கும் வாய் வராது.

அக்கா மகன் டாக்டராக வேண்டும், கட்டாயம் ஆக வேண்டும். படிக்கும்போதே ஒரு விடுமுறையில் கிராம கிளினிக் தாதியோடு வீடு வீடாகப் போய்வா என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் தோட்டத்து டிரஸ்ஸராகவோ, ஆயாவாகவோ, மருத்துவச்சியாகவோ இருந்தவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே அவரிடம் உட்கார்ந்து கேட்டு, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள்.